பதினொரு நிமிட வசவு

துர்காதேவி வீட்டு லேப்டாப் திறக்கப் பதினொரு நிமிடம் ஆகும்.

துர்காவே கடிகாரத்தை வைத்துப் பார்த்துச் சொன்ன கணக்கு அது. பொத்தானை அழுத்திவிட்டு அம்மா அரிசி களைந்து உலையில் போடுவார். கொத்தமல்லி ஆய்ந்து வைப்பார். திரும்பி வந்து பார்த்தால் திரையில் ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும்.

வட்டம் சுற்றினால் சுற்றிவிட்டுப் போகட்டும். அந்தப் பதினொரு நிமிடமும் வீட்டில் எல்லோருக்கும் வாய் சும்மா இருக்கிறதே, அதுதான் வம்பு. சும்மா இருக்கிற வாய் என்ன செய்யும்? துர்காவைத் திட்டும்.

“இவ கேம் ஆடி ஆடித்தான்மா இப்படி ஆயிடுச்சு,” என்று அண்ணன் கலைவாணன் ஆரம்பித்து வைப்பான். அவன் பிளஸ் டூ படிக்கிறான். கம்ப்யூட்டரைப் பற்றி எல்லாம் தெரிந்தவன் என்று அவனே சொல்லிக்கொள்வான்.

“படிக்கிற புள்ளைக்கு லேப்டாப்புல என்ன வேல?” என்று தறியில் உட்கார்ந்தபடியே குரல் கொடுப்பார் அப்பா ஆனந்தகுமார்.

“கொஞ்ச நாளைக்கு அதத் தொடாமதான் இரேன்மா,” என்பார் அம்மா துளசி.

துர்கா ஆறாம் வகுப்பு. அந்த லேப்டாப்பில் ஒரே ஒரு பலூன் விளையாட்டை இரண்டே முறை விளையாடியிருக்கிறாள். அதுவும் போன வருடம். இரண்டு முறை பலூன் உடைத்ததற்கு ஒரு வருடமாக வசவு. இது எந்த ஊர் நியாயம் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

உண்மையில் லேப்டாப்புக்கு என்ன வியாதி என்று முதலில் கண்டுபிடித்தவளே அவள்தான். அதற்குள்ளிருந்து ‘கர்ர், கர்ர்’ என்று ஒரு சத்தம் வரும்.

“அண்ணா, உள்ள இருக்கற ஹார்ட் டிஸ்க் தேய்ஞ்சு போயிருக்குது. எங்க ஸ்கூல்ல ரெண்டு கம்ப்யூட்டர் இப்படித்தான் கத்திக்கினு இருந்துச்சு. எஸ்எஸ்டினு ஒண்ணு மாத்தினாங்க. இப்ப டக்குனு தொறக்குது,” என்று அவள் சொன்னாள்.

“வந்துட்டா பெரிய இன்ஜினியர்,” என்றான் கலைவாணன்.

இரண்டு மாதம் கழித்து அப்பா ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார். “பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை இருக்குது இல்ல, அந்த மணிவண்ணனக் கேட்டேன். ஹார்ட் டிஸ்க் பழசாயிருக்குமாம். எஸ்எஸ்டி மாத்தினா போதுமாம். வெல கம்மியாவே ஒண்ணு இருக்குதாம்.”

“அதத்தான்பா நானும் நெனச்சேன்,” என்றான் கலைவாணன்.

துர்காவுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை அப்பா லேப்டாப்பைக் கடையில் கொடுத்தார். சனிக்கிழமை மத்தியானம் வாங்கி வந்து மேசைமேல் வைத்தார். வைத்த கையோடு தறிப்பக்கம் ஓடிவிட்டார். அன்று அவர் தறியில் புதுப் பாவு பிணைக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது.

தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்களுக்குப் பாவு என்று பெயர். பிணைக்கிற நாளில் அவர்கள் இருக்கும் பிள்ளையார்பாளையத்தில் எந்த நெசவாளர் வீட்டிலும் மின்விசிறி போட மாட்டார்கள். போட்டால் பட்டு நூல் பறந்து சிக்கிவிடும். அதனால் வீடே வெந்துகொண்டிருந்தது.

துர்கா லேப்டாப்பின் பொத்தானை அழுத்தினாள். மனதுக்குள் எண்ண ஆரம்பித்தாள். பன்னிரண்டு எண்ணுவதற்குள் திறந்துவிட்டது. கர்ர் சத்தமும் இல்லை.

“அம்மா, வந்து பாரேன்,” என்று கூப்பிட்டாள்.

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. திரையின் இடப்பக்கத்தில் எப்போதும் ‘துளசி டிசைன்’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதைக் காணவில்லை. தேடினார். எங்கேயும் இல்லை. வீட்டுப் படங்கள் இல்லை. எதுவுமே இல்லை. கழுவி விட்ட தரை மாதிரி திரை காலியாக இருந்தது.

அந்த ஃபோல்டரில் அறுபத்து மூன்று டிசைன்கள் இருந்தன. அன்னம், யாளி, மாங்காய், ருத்திராட்சம். சேலைக் கரைக்காக அம்மா கட்டம் கட்டமாக நான்கு வருடம் உட்கார்ந்து வரைந்தவை.

“மொதல்ல யாரு தொறந்தது?” என்று தறியிலிருந்து எழுந்து வந்து கேட்டார் அப்பா.

“இவதான். ஏதோ அழுத்தி எல்லாத்தையும் அழிச்சுட்டா,” என்றான் கலைவாணன்.

“நான் ஒண்ணும் அழுத்தல. ஆன் மட்டும்தான் பண்ணேன்.”

“ஆன் பண்ணா தானா அழிஞ்சு போயிடுமா?” என்றார் அப்பா.

அம்மா திட்டவில்லை. துர்காவின் கன்னத்தைத் தொட்டு, “எத அழுத்தின கண்ணு? யோசிச்சுச் சொல்லு. நான் கோச்சுக்க மாட்டேன்,” என்றார்.

இதற்கு அம்மா நாலு அடி அடித்திருக்கலாம். செய்யாத தப்பை மன்னிக்க வருகிறார்களே, அதைப்போல் ஒரு கொடுமை உண்டா? துர்கா அழவில்லை. அழுதால் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“நீங்க ரெண்டு பேரும் இப்படி எழுந்து போனா நான் எப்படி வேல பாக்கறது?” என்று தறிப்பக்கத்திலிருந்து காந்தா அக்கா குரல் கொடுத்தார். பாவு பிணைக்க வந்தவர் அவர். அப்பா புதுப் பாவைப் பிடிக்க வேண்டும், அம்மா நூலைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். இருவரும் வாடிய முகத்தோடு போய் உட்கார்ந்தார்கள்.

துர்காவும் போய் ஓரமாக உட்கார்ந்தாள். முகத்தை மட்டும் யாருக்கும் காட்டவில்லை.

காந்தா அக்கா நூல் வழுக்காமலிருக்க விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டார். தறியில் மிச்சமிருந்த பழைய பாவின் நுனி ஒன்று, புதுப் பாவின் நுனி ஒன்று. இரண்டையும் சேர்த்து ஒரு திருகு. அடுத்த நூல், அடுத்த திருகு. இப்படி நாலாயிரத்துக்கும் மேல் நூல்கள். அத்தனையும் பிணைத்த பிறகு பழையதை இழுத்தால் புதியது அதன் பின்னாலேயே வந்து சேரும். அதுவரை பழைய பாவை யாரும் தறியிலிருந்து எடுக்க மாட்டார்கள்.

துர்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். திடீரென்று நிமிர்ந்தாள்.

“அப்பா, கடையில லேப்டாப் குடுத்தப்ப, பழசுல இருக்கறத எல்லாம் புதுசுக்கு ஏத்தச் சொன்னீங்களா?”

“அத வேற தனியா சொல்லணுமா?” என்றார் அப்பா. “புதுப் பாவு போடறவன் பழசோட பிணைக்காமலா போடுவான்? வேல தெரிஞ்ச மனுஷனுக்கு இது தெரியாதா?”

“அவரு தறிக்காரரு இல்லப்பா,” என்றாள் துர்கா.

காந்தா அக்காவின் விரல் அப்படியே நின்றது. அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா பாவைப் பார்த்தார்.

“ஃபோன் போட்டுக் கேளுங்கப்பா,” என்றாள் துர்கா.

அப்பா ஒரு கையால் பாவைப் பிடித்தபடியே ஸ்பீக்கரில் போட்டார். கடைக்காரர் மணிவண்ணனின் குரல் வீடு முழுக்கக் கேட்டது. “காப்பி எடுக்கணும்னு நீங்க சொல்லவே இல்லையே சார். புது டிஸ்க்குல எல்லாம் புதுசாதான் போட்டோம். பழைய டிஸ்க்கா? அது பழசு போடற பெட்டியில கெடக்குது. அஞ்சு மணிக்குப் பழைய சாமான் வண்டி வந்துடும். வேணும்னா அதுக்குள்ள வாங்க.”

மணி நாலரை.

அப்பாவும் அம்மாவும் எழுந்தால் பாவு சிக்கிவிடும். “வாணா, சைக்கிள எடு. லேப்டாப்பையும் எடுத்துக்கினு போ,” என்றார் அப்பா.

“நானும் போறேன்,” என்றாள் துர்கா. அவள் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. லேப்டாப் பையை மாட்டிக்கொண்டு சைக்கிளின் பின்சீட்டில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

வழியெல்லாம் அவளுக்கு ஆறவில்லை. இவ்வளவு தெரிந்த பிறகும் ‘நீ ஒன்றும் செய்யவில்லை’ என்று ஒருவர்கூடச் சொல்லவில்லையே. எல்லோருக்கும் அவசரம். திட்டும்போது மட்டும் யாருக்கும் அவசரமே இருப்பதில்லை.

“அண்ணா, நீ மூணு பொய் சொல்லியிருக்கே. ஒண்ணு, நான் டிசைன அழிச்சேன்னு சொன்னது. ரெண்டு, என் கேமால லேப்டாப் ஸ்லோ ஆச்சுன்னு சொன்னது. மூணு, ஹார்ட் டிஸ்க்னு நீயே கண்டுபிடிச்ச மாதிரி சொன்னது.”

“கொஞ்சம் வாய மூடிக்கினு வரியா? மூச்சு வாங்குது,” என்றான் கலைவாணன்.

கச்சபேஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்தில் சாமி புறப்பாடு. குடை, நாதஸ்வரம், பின்னால் பெரிய கூட்டம். சைக்கிளை நிறுத்த வேண்டியதாயிற்று. துர்கா கை கூப்பினாள். ‘சாமி, நீயாவது நியாயமா நடந்துக்கோ. கொஞ்சம் வேகமா போ,’ என்று வேண்டிக்கொண்டாள். சாமி எப்போதும்போல மெதுவாகத்தான் போனார்.

கடைக்கு வந்து சேரும்போது மணி ஐந்தாக இன்னும் எட்டு நிமிடம் இருந்தது. வாசலிலேயே ஓர் அட்டைப்பெட்டி இருந்தது.

“வா தம்பி,” என்றார் மணிவண்ணன்.

“எங்க பழைய டிஸ்க் வேணும்ணா,” என்றாள் துர்கா.

“எது உங்களதுன்னு எப்படித் தம்பி கண்டுபிடிக்கிறது? நாங்க பேரு எழுதி வெக்கறதில்ல,” என்று அவர் கலைவாணனைப் பார்த்துச் சொன்னார்.

“பெட்டியில எத்தன இருக்குதுண்ணா?” என்று துர்காவே கேட்டாள்.

“பத்துப் பதினஞ்சு இருக்கும் தம்பி.”

துர்காவுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. “அண்ணா, கேக்கறது நானு. என்னைப் பாத்துச் சொல்லுங்க.”

மணிவண்ணன் அப்போதுதான் குனிந்து அவளைப் பார்த்தார். “சொல்றேன்மா. ஒவ்வொண்ணா மாட்டிப் பாக்கணும்னா ராத்திரி ஆயிடும். வண்டி வேற வரப்போகுது.”

சொல்லி வாய் மூடவில்லை, பழைய சாமான் வண்டி வந்து நின்றது. ஓட்டி வந்தவர் இறங்கிப் பெட்டியைத் தூக்கக் குனிந்தார். துர்கா பெட்டியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“நகரு பாப்பா.”

“மாட்டேன். இதுக்குள்ள எங்க அம்மாவோட நாலு வருஷ வேல இருக்குது.”

வண்டிக்காரர் மணிவண்ணனைப் பார்த்தார். மணிவண்ணன் தலையைச் சொறிந்தார். “சரி, ஒரு டீ குடிச்சுட்டு வாப்பா,” என்று அவரை அனுப்பிவைத்தார்.

துர்கா டிஸ்க்குகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் பரப்பினாள். உள்ளங்கை அகலத்தில் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. அவள் அவற்றைக் கண்ணுக்கு நெருக்கமாக வைத்துப் பார்த்தாள். ஒன்றின் ஓரத்தில், திருகாணித் துளையில், மெல்லிசாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. பட்டுப் பிசிறு. தறி இருக்கிற வீட்டில் அது போகாத இடம் கிடையாது. சோற்றில்கூட வரும்.

“எங்களது தெரிஞ்சுடுச்சுண்ணா. இதுல பட்டு இருக்குது.”

மணிவண்ணன் சிரித்துவிட்டார். “இந்த ஊர்ல பாதி லேப்டாப்ப தொறந்தா பட்டுதாம்மா கொட்டும். இன்னும் பாரு.”

அவர் சொன்னது சரிதான். மூன்று டிஸ்க்குகளில் பிசிறு இருந்தது. கலைவாணன் உதட்டைப் பிதுக்கினான். துர்கா மூன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முதலாவதில் வெறும் மஞ்சள். இரண்டாவதில் நீலம். மூன்றாவதில் கிளிப்பச்சையும் வாடாமல்லியும் ஒன்றோடொன்று சுருண்டு கிடந்தன.

“இதுதான்,” என்றாள். “பொங்கலுக்கு முன்னாடி எங்க வீட்டுத் தறியில ஓடினது கிளிப்பச்சை உடம்பு, வாடாமல்லிக் கரை போட்ட சேல. அப்பதான் அம்மா தறிக்குப் பக்கத்துல உக்காந்து லேப்டாப்புல யாளி போட்டுக்கினு இருந்தாங்க.”

மணிவண்ணன் டிஸ்க்கை வாங்கி ஒரு சின்னப் பெட்டியில் பொருத்தினார். அதிலிருந்து வந்த வயரை லேப்டாப்பில் செருகினார். கர்ர், கர்ர் என்றது. ஒரு வருடமாகக் கேட்டு வெறுத்துப்போன அந்தச் சத்தம் இப்போது துர்காவுக்கு இனித்தது.

வெகுநேரம் கழித்துத் திரையில் வந்தது: துளசி டிசைன்.

துர்கா அதற்குள் போய் எண்ணிப் பார்த்தாள். அறுபத்து மூன்று. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. இப்போது அழுதால் யாரும் தப்பாக நினைக்க முடியாது என்பதால் நன்றாகவே அழுதாள்.

“பழசு ரொம்பத் தேய்ஞ்சிருக்குதும்மா,” என்றார் மணிவண்ணன், இந்த முறை அவளைப் பார்த்து. “எப்ப வேணாலும் கண்ண மூடிடும். பழசுல இருந்ததுல பாதி எடம்தான் புதுசுல இருக்குது. எது முக்கியமோ, மொதல்ல சொல்லு.”

“டிசைன். அப்புறம் வீட்டுப் படம்.”

டிசைன்கள் ஏறத் தொடங்கின. மணிவண்ணன் மற்ற ஃபோல்டர்களின் அளவைப் பார்த்துக்கொண்டு வந்தார். “துர்கானு ஒண்ணு. மூணு எம்பி. ஒரு கட்டுரையும் ரெண்டு படமும் இருக்குது. இது ஒரு ஓரத்துல போயிடும். அடுத்தது பிசிக்ஸ். முந்நூத்திப் பன்னண்டு ஜிபி.” அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். “தம்பி, பிசிக்ஸ் பெரிய பாடம்தான். ஆனா இவ்ளோ பெருசா?”

“அத விட்டுடுங்கண்ணா,” என்றான் கலைவாணன் அவசரமாக.

அவர் திறந்தேவிட்டார். கார்ப் பந்தயம். துப்பாக்கிச் சண்டை. ஜாம்பி. கிரிக்கெட்டில் மட்டும் வருடத்துக்கு ஒன்றாக நான்கு.

“இத்தனையும் அடைச்சு வெச்சா தேய்ஞ்ச டிஸ்க் எப்படி ஓடும்? மூச்சு விடவே எடம் இல்லாம இருந்திருக்குது,” என்றார் மணிவண்ணன்.

துர்கா அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு வருடம். பதினொரு நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு தடவை. அவ்வளவு வசவையும் அவள் பலூனுக்காக வாங்கியிருந்தாள்.

கலைவாணனின் காது சிவந்திருந்தது. “அப்பாகிட்ட சொல்லாத துர்கா,” என்றான் மெல்ல.

“நான் சொல்ல மாட்டேன்,” என்றாள். கலைவாணன் மூச்சு விட்டான். “நீயேதான் சொல்லணும்.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவனைப் பார்க்கவும் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. “அதுல நெஜமாவே பிசிக்ஸ் ஏதாவது இருக்குதா?” என்று கேட்டாள்.

“நோட்ஸ் இருக்குது. மாடல் கொஸ்டின் இருக்குது. அடுத்த மாசம் எக்ஸாம்.”

“அது ரெண்டையும் ஏத்துங்கண்ணா,” என்று துர்கா மணிவண்ணனிடம் சொன்னாள். “ஜாம்பி வேணாம்.”

கிளம்பும்போது மணிவண்ணன் பழைய டிஸ்க்கை ஒரு கவரில் போட்டு, மேலே ‘துர்கா வீடு’ என்று எழுதி அவள் கையில் கொடுத்தார். அப்புறம் பேனாவை மூடாமலேயே ஒரு தாளை எடுத்து, ‘பழைய டிஸ்க்கில் இருப்பது வேண்டுமா என்று கேட்கவும்’ என்று எழுதி மேசைக்கு மேலே ஒட்டினார்.

வீட்டில் இன்னும் மின்விசிறி போடவில்லை. காந்தா அக்காவுக்கு இன்னும் ஆயிரம் நூல் பாக்கி இருந்தது. துர்கா தறிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்த லேப்டாப்பில் அம்மா யாளியைப் பார்த்தார். அதன் கட்டங்களை ஒவ்வொன்றாக விரலால் தடவினார். துர்காவை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டார். ஆறாம் வகுப்புப் பெண் மடியில் உட்காரலாமா என்று துர்கா யோசிக்கவில்லை.

“எங்க கண்ணு கெடைச்சது?” என்றார் அப்பா.

“அத அப்புறம் சொல்றேன். மொதல்ல அண்ணன் சொல்லணும்,” என்றாள் துர்கா.

கலைவாணன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “துர்கா எதையும் அழிக்கல. கேம் ஆடினதும் அவ இல்ல. நான்தான்.”

“இன்னும் ஒண்ணு இருக்குது,” என்று துர்கா மூன்றாவது விரலை நீட்டினாள்.

“ஹார்ட் டிஸ்க்னு மொதல்ல சொன்னதும் அவதான்.”

அப்பா பாவைக் கையிலிருந்து விட முடியாமல் உட்கார்ந்தபடியே மகளைப் பார்த்தார். “கடைக்காரர்கிட்ட சொல்லாம விட்டது என் தப்பு. விசாரிக்காம உன்னைச் சொன்னதும் என் தப்புதான். மனசுல வெச்சுக்காதம்மா,” என்றார்.

“நானும்தான் கண்ணு,” என்றார் அம்மா.

“பேசறது எல்லாம் சரி, யாரும் கைய ஆட்டாதீங்க. நூலு பறக்குது,” என்றார் காந்தா அக்கா.

மறுநாள் காலையில் அம்மா மேசை முன்னால் வந்து லேப்டாப்பின் பொத்தானை அழுத்தினார். பழக்க தோஷத்தில் அப்பா தறியிலிருந்து தொண்டையைக் கனைத்தார். கலைவாணன் பல் தேய்த்துக்கொண்டே வந்து, “எல்லாம் இவ...” என்று ஆரம்பித்தான்.

லேப்டாப் திறந்துவிட்டது.

கலைவாணன் பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே நின்றான். துர்கா திரையையும் பார்த்தாள், அவனையும் பார்த்தாள்.

“சொல்லுண்ணா,” என்றாள். “நேரம்தான் இல்ல.”